முதல் நாளிலிருந்தே பவுடர் பால்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

என் மகளுக்கு இன்னும் சில நாட்களில் ஆறு மாதம் நிறைவடைகிறது. பிறந்த அன்று முதல் இன்றுவரை அவள் குடித்தது முழுவதும் பவுடர் பால்தான். அவள் என் வயிற்றில் தங்குவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையில் என் இரு மார்பகங்களும் அகற்றப்பட்டுவிட்டன. ஆகவே தாய்ப்பாலா, பவுடர் பாலா என்ற கேள்வியே எங்கள் வீட்டில் எழவில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் 2014ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தாய்ப்பால் வங்கிகளைப் பற்றியும் யோசித்தோம். ஆனால் அங்கே சேரும் பால், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கும்தான் முதலில் போய்ச் சேர வேண்டும். நிறைமாதத்தில் 2.9 கிலோ எடையோடு பிறந்த என் மகளுக்காக அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நான் வாங்கிய பவுடரின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. குழந்தைப் பால் மாற்றுப் பொருட்கள், பால் புட்டிகள் ஆகியவற்றுக்கு விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை செய்கின்றன. பால் சுரக்கும் தாய்மார்களையும் பவுடருக்குத் திருப்பிவிட்ட விற்பனை முறைகளைக் கண்டுதான் இத்தகைய கட்டுப்பாடுகள் வந்தன; அவற்றை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பெயர் தெரியாததால் படிப்பவர்களுக்கு இழப்பும் பெரிதாக இல்லை. அரசு வகுத்த உணவுத் தரவிதிகள் கட்டாயம் என்பதால், பிறந்தது முதல் ஆறு மாதம் வரைக்குமான முதல் நிலைப் பவுடர் எதுவானாலும், அதன் புரதமும் கொழுப்பும் தாது உப்புகளும் ஒரே தரவரம்புக்குள் அடங்கியே ஆக வேண்டும். வேறுபாடு பெரும்பாலும் விலையிலும், பெட்டியிலும், உள்ளே கிடக்கும் அளவுக்கரண்டியிலும்தான் இருக்கிறது.

பவுடரைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. வெந்நீரில் கட்டியில்லாமல் கரைகிறது, நுரை அதிகம் வருவதில்லை, முதல் வாரத்துக்குப் பிறகு என் மகள் பாலைக் கக்கியதும் அரிது. பிறந்த எடையைப் பத்தாவது நாளில் மீண்டும் எட்டினாள்; ஆறாவது வாரத்தில் 4.3 கிலோ இருந்தாள். நான் வாங்கியது 400 கிராம் பெட்டி, விலை ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரு பெட்டியில் ஏறக்குறைய மூன்று லிட்டர் பால் கலக்கலாம். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 150 மில்லி என்பதே முதல் வாரத்துக்குப் பிந்தைய பொதுவான தினசரிக் கணக்கு. அதன்படி ஒன்றரை மாதக் குழந்தைக்கு ஒரு பெட்டி ஐந்து நாள்கூட வராது. மாதத்துக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது என்பதால், பெட்டி சீக்கிரம் தீர்ந்துவிடாமல் இருக்கத் தண்ணீரைக் கூட்டிக் கலக்கும் வீடுகள் இருப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அது மிகவும் ஆபத்தான சிக்கனம். நீர்த்த பாலில் குழந்தையின் வயிறு நிறையுமே தவிர எடை ஏறாது. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்பு வரைக்கும் போகலாம்.

குறை இருப்பது பெட்டியில்தான். அட்டைப் பெட்டிக்குள் ஓர் அலுமினியத் தாள் பை, அந்தப் பைக்குள் பவுடர், பவுடருக்குள் புதைந்து கிடக்கும் அளவுக்கரண்டி. கையை எவ்வளவு சுத்தமாகக் கழுவினாலும், விரலை விட்டுத் துழாவாமல் அந்தக் கரண்டி அகப்படாது. தலைதட்டி அளப்பதற்குப் பெட்டியில் விளிம்பு எதுவும் இல்லை என்பதால், கொதிக்க வைத்த கத்தியின் முதுகால் ஒவ்வொரு முறையும் வழித்துவிட வேண்டியிருந்தது. என் அத்தை படியில் அரிசி அளந்து பழகியவர். தாராளமாகப் போட்டால் பிள்ளை தேறும் என்ற எண்ணத்தில், முதல் வாரம் அவர் கோபுரமாகக் குவித்தே போட்டார். "தலைதட்டி அளங்க அத்தை, இது மருந்து மாதிரி" என்று நான் சொன்ன பிறகு, அவரே மற்றவர்களைத் திருத்தத் தொடங்கினார். முதலில் தண்ணீரை 30 மில்லி கோடு வரை அளந்து ஊற்றி, அதன் பிறகே ஒரு கரண்டி பவுடரைப் போட வேண்டும். பவுடரை முதலில் போட்டுவிட்டுக் கோடு வரை தண்ணீர் ஊற்றினால், பவுடர் அடைத்த இடத்துக்குத் தண்ணீர் குறைந்து பால் கெட்டியாகிவிடும்.

தண்ணீரின் சூட்டைப் பற்றிப் பெட்டியில் இருந்த குறிப்பு எனக்குத் திருப்தி தரவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாக ஆறிய பிறகு பவுடரைக் கலக்கச் சொல்கிறது அது. ஆனால் பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. குரோனோபாக்டர், சால்மோனெல்லா ஆகிய கிருமிகள் அரிதாக அதில் இருக்கக்கூடும் என்பதால், 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத நீரில் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. வெதுவெதுப்பான நீர் அந்தக் கிருமிகளைக் கொல்லாது, வளரத்தான் விடும். நான் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, 70 டிகிரி முறையையே பின்பற்றினேன். இரவு பத்து மணிக்குக் கொதிக்கும் நீரை எஃகு பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிடுவேன். இரண்டு மணிக்கு வெப்பமானி வைத்துப் பார்த்தபோது 78 டிகிரி இருந்தது. அந்த நீரில் பவுடரைக் கலக்கி, பாத்திரத்தை மூடியபடியே குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டு, சூடு உறைக்கவில்லை என்றால்தான் கொடுப்பேன். அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடம் நீளமானதுதான். கலக்கி இரண்டு மணி நேரம் கடந்த பாலையும், குடித்து மீந்த பாலையும் கொட்டிவிட்டேன். சில பவுடர்களில் சேர்க்கப்படும் நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் அதிகச் சூட்டில் அழிந்துவிடும் என்பது உண்மையே; பிறந்த குழந்தைக்கு அந்த இழப்பைவிடக் கிருமித் தொற்றே பெரிய ஆபத்து என்பது என் கருத்து.

இவற்றில் ஒன்றையாவது மருத்துவமனையில் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். நான் பிரசவித்த இடத்தில் ஒரு செவிலியர் மட்டும் கதவைச் சாத்திவிட்டு, ஏதோ குற்றத்துக்குத் துணைபோவது போன்ற தாழ்ந்த குரலில், "சுடுதண்ணி, ஒரு கரண்டி, அவ்வளவுதாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் தாய்ப்பாலைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருந்தது, பவுடர் பாலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என் மார்பில் இருந்த தழும்பைப் பார்த்தவர்களே அந்தத் தாளைக் கொடுத்தார்கள். சட்டம் தடுக்கிறது என்று எவரும் சொல்ல முடியாது. பால் மாற்றுப் பொருளை ஊட்டும் முறையைச் சுகாதாரப் பணியாளர் மட்டுமே தாய்க்குச் செய்துகாட்டலாம், அப்போது தவறாகப் பயன்படுத்துவதால் வரும் கேடுகளையும் அவர் தெளிவாக விளக்க வேண்டும் என்றுதான் அதே சட்டம் சொல்கிறது. பால் சுரக்காத ஒரு பெண்ணுக்கு அளவையும் சூட்டையும் சொல்லிக்கொடுப்பது விளம்பரம் ஆகாது.

ஊட்டுவதற்கு முதல் இரண்டு மாதமும் எஃகுச் சங்கையே பயன்படுத்தினோம். பாலாடை என்றும் அழைக்கப்படும் இதில் அழுக்குத் தங்கும் இடுக்கு ஏதும் இல்லை. கழுவிக் கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும். புட்டியின் ரப்பர் காம்பையும் அதன் வளையத்தையும் சுத்தம் செய்வதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்தால், அவள் நாக்கை நீட்டித் தானே பாலை இழுத்துக்கொள்வாள். தலையைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று பொருள். மீதியைத் திணிக்கக் கூடாது. அவளுடைய கன்னம் என் நெஞ்சின் தோலில் படும்படி வைத்துத்தான் ஒவ்வொரு வேளையும் ஊட்டினேன்.

மூன்றாவது மாதத்தில் ஒரு தவறு நேர்ந்தது. வழக்கமான பவுடர் கடையில் இருப்பு இல்லாததால் வேறு நிறுவனத்தின் பெட்டியை வாங்கினோம். நள்ளிரவில் பிரித்தபோது கரண்டி பவுடரின் அடியில் எங்கோ கிடக்க, கைக்குக் கிடைத்த பழைய பெட்டியின் கரண்டியாலேயே அளந்துவிட்டேன். அதன் பிறகும் அதையே எடுத்தேன். புதிய பெட்டிக்கான கரண்டி அதைவிடச் சிறியது. இரண்டு நாள் பால் கெட்டியாகப் போயிருக்கிறது. மலம் இறுகி, சிறுநீர் குறைந்து, அவள் முகம் சிவக்க முக்கி அழுதாள். பெட்டியோடு வரச் சொன்ன மருத்துவர், இரண்டு கரண்டிகளையும் மேசையில் அருகருகே வைத்துக் காட்டினார். சரியான அளவுக்குத் திரும்பிய மறுநாளே அவள் தெளிந்துவிட்டாள். எனக்குத் தெளிய ஒரு வாரம் ஆயிற்று. கரண்டியைப் பையின் வாயிலேயே ஒட்டி வைத்திருந்தால் அந்த இரவு எனக்கு அப்படிப் போயிருக்காது என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டி தீர்ந்ததும், அதன் கரண்டியை இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்ட பிறகே அடுத்த பெட்டியைப் பிரிக்கிறேன்.