5600ஜியா, ஐ5-12400ஆ? கோண்டாவில் வீட்டுக்கு ஒரு கணினி

அக்காவின் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள். அவளிடம் இருந்தது ஒரு பழைய மடிக்கணினி, நாலு ஜிபி ராம். "மாமா, ஆண்ட்ராய்ட் எமுலேட்டரைத் திறந்துபோட்டு நான் போய்த் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வாறன், அப்பவும் அது சுத்திக்கொண்டுதான் இருக்கும்" என்றாள். எமுலேட்டர் என்பது கணினிக்குள்ளேயே ஒரு கைத்தொலைபேசியைப் போல நடித்துக்காட்டும் மென்பொருள். அவளுக்குப் பத்தாம் வகுப்பில் ஒரு தம்பி. அவனுக்கு வேண்டியது வலோரன்ட் என்ற சுடும் விளையாட்டு. காசு தருவது அக்கா. ஆக ஒரு பெட்டி, இரண்டு பேர், ஒரு கைப்பை. இந்தக் கணக்குக்குள் எது பொருந்தும் என்று இரண்டு வாரம் கடை கடையாக ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். விலைகளை எழுதப் போவதில்லை. டொலரோடு சேர்ந்து அவை ஆடுகிற ஆட்டத்தில், நான் எழுதி நீங்கள் வாசிப்பதற்குள் மாறிவிடும்.

கடைக்குப் போனால் முதலில் காட்டுவது வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்பி பெட்டிகளைத்தான். மலிவு, சின்னது, சத்தமில்லை. சாதாரண தரம் படிக்கிற பிள்ளைக்கு, சூமில் வகுப்புப் பார்க்க, கணக்கு வழக்கு எழுத என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் வாங்கும்போது கணினியின் மூளையான புரொசசரின் தலைமுறையைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆறாம் தலைமுறை ஐ5-6500 போட்ட பெட்டியை "ஐ5 தம்பி, நல்ல சாமான்" என்று தருவார்கள். ஐ5 என்பது உண்மை. நாலு கோர் (புரொசசருக்குள் வேலை செய்யும் அலகு), 2015ஆம் ஆண்டுச் சரக்கு என்பதும் உண்மை. ஐ5-8500 என்றால் ஆறு கோர், அது வேறு கதை.

எனக்கு அதில் பிடிக்காத விஷயம் வேறு. அந்தப் பெட்டிகள் பலவற்றில் பவர் சப்ளையும் மதர்போர்டும் அந்தந்தக் கம்பனியின் சொந்த அளவு, சொந்த இணைப்பு. பவர் சப்ளை போனால் கடையில் சாதாரணமாகக் கிடைப்பதைக் கொண்டுவந்து பொருத்த முடியாது. இன்னொரு பழைய பெட்டியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மருமகளுக்கு இது வேண்டாம் என்று விட்டேன்.

புதிதாகப் பொருத்துவது என்று முடிவானதும், கிராஃபிக்ஸ் காட் இப்போதைக்கு இல்லை என்பதும் கூடவே முடிவானது. அக்காவின் கைப்பை அவ்வளவுதான். அப்படியென்றால் படம் காட்டும் வேலையைப் புரொசசரே செய்ய வேண்டும். இங்கே மூன்று பேர் போட்டிக்கு வந்தார்கள்: ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி, இன்டெலின் ஐ3-12100, ஐ5-12400.

5600ஜியும் 12400உம் ஆறு கோர், பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை). 12100 நாலு கோர், எட்டு திரெட். வெறும் வேலை வேகத்தில் 12400 தான் முந்துகிறது. நிரலைக் கம்பைல் செய்வது, ஒரே நேரத்தில் இருபது டேப் திறப்பது எல்லாவற்றிலும். சின்ன ஐ3 கூட ஒற்றைக் கோர் வேலையில் 5600ஜியைக் கொஞ்சம் தாண்டும், எல்லாக் கோரும் சேர்ந்து இழுக்கும் வேலையில் பின்தங்கும். யூடியூப் இப்போது அதிகம் பாவிக்கும் ஏவி1 என்ற சுருக்கு வடிவக் காணொளியை இன்டெலின் உள் கிராஃபிக்ஸ் தானே விரித்துக் காட்டும். 5600ஜியில் அந்த வசதி இல்லை, கோர்கள்தான் அதைச் சுமக்க வேண்டும்.

அப்படியென்றால் 12400 தானே? படிப்பு மட்டும் நடக்கும் வீடென்றால் அதுதான். தம்பி இருக்கிறானே! 5600ஜிக்குள் இருக்கும் வேகா 7 கிராஃபிக்ஸ், 12400இல் இருக்கும் யூஎச்டி 730ஐ விளையாட்டில் பெரிய இடைவெளியில் முந்தும். வலோரன்ட் போன்ற இலகுவான விளையாட்டுகளை வேகாவில் நிம்மதியாக ஓட்டலாம். யூஎச்டியில் ஓடும், ஆனால் பையன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு விளையாடுவான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 12400எஃப் என்று கடைசியில் எஃப் எழுத்தோடு கொஞ்சம் மலிவாக ஒன்று வரும். அதில் உள் கிராஃபிக்ஸ் இயங்காது. ஜி இல்லாத 5600உம் அப்படித்தான். கிராஃபிக்ஸ் காட் இல்லாமல் அதை வாங்கிவந்தால் ஃபேன் சுழலும், திரை கறுப்பாகவே இருக்கும். எழுத்து ஒன்று, ஏமாற்றம் பெரிது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். கிராஃபிக்ஸ் காட்டைப் புரொசசரோடு இணைக்கும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸில் 5600ஜி மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. பிறகு காட் போடும்போது எதைப் போடுகிறோம் என்று பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற காட் அந்தப் பாதையில் நாலு லேன் (தடம்) மட்டும் பாவிப்பது. மூன்றாம் தலைமுறையில் அதற்கு மூச்சு முட்டும். ஆர்டிஎக்ஸ் 3050இன் ஆறு ஜிபி வகை என்றால் எட்டு லேன், 70 வாட், தனி மின்கம்பியும் தேவையில்லை. இந்தப் பெட்டிக்கு அது பொருந்தும்.

புதுசாக ஏஎம்5 சொக்கெட்டுக்குப் போனால் என்ன என்று மருமகள் கேட்டாள். சொக்கெட் என்பது மதர்போர்டில் புரொசசர் உட்காரும் இடம். நியாயமான கேள்வி. 5600ஜி உட்காரும் ஏஎம்4 2016இல் வந்த சொக்கெட், வயதாகிவிட்டது. 12400 உட்காரும் எல்ஜிஏ1700உம் 14ஆம் தலைமுறையோடு முடிந்தது. 2022இல் வந்த ஏஎம்5க்குத்தான் இன்னும் புதுப் புரொசசர்கள் வரும். ரைசன் 5 8600ஜி போட்டால் அதன் உள் கிராஃபிக்ஸ் வேகாவைத் தூக்கிச் சாப்பிடும். ஆனால் ஏஎம்5 என்றால் புதிய வகையான டிடிஆர்5 ராம் கட்டாயம். 2025இன் கடைசியில் ஏஐ தரவு மையங்கள் ராம் சிப்புகளை வாரி எடுக்கத் தொடங்கியதிலிருந்து அதன் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். 5600ஜி பாவிக்கும் டிடிஆர்4உம் சும்மா இருக்கவில்லை, கூடவே ஏறியது. என்றாலும் மதர்போர்டையும் சேர்த்துப் பார்த்தால் ஏஎம்5 அக்காவின் கைப்பையைக் கிழித்துவிடும். ஐந்து வருடம் கழித்துப் புரொசசரை மட்டும் மாற்றுகிறவர்கள் எத்தனை பேர்? நானறிய ஒருவருமில்லை, மொத்தமாகத்தான் மாற்றுகிறார்கள்.

இன்டெல் பக்கம் மேலே ஏறப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். 13ஆம், 14ஆம் தலைமுறையின் பெரிய புரொசசர்கள் கூடிய வோல்டேஜால் பழுதாகின்றன என்று 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (புரொசசரின் உள் நிரல்) திருத்தமும் மேலதிகமாக இரண்டு வருட வாரண்டியும் கொடுத்தது. 12ஆம் தலைமுறைக்கு அந்த வியாதி இல்லை. பாவித்த 13900கே ஒன்று மலிவாகக் கையில் வந்தால் சந்தோஷப்பட முதல் யோசியுங்கள்.

ராமில் ஒரே ஒரு விஷயம், ஆனால் முக்கியமானது. பதினாறு ஜிபி ஒரே குச்சியா, எட்டும் எட்டுமாக இரண்டா? உள் கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ராமைத்தான் கடன் வாங்குகிறது. இரண்டு குச்சி போட்டால் இரண்டு வழியாகப் படிக்கும். ஒற்றைக் குச்சியில் 5600ஜியைப் போடுவது அகலப் பாதையில் ஒரு பக்கத்தை மூடிவைத்துவிட்டு நெரிசல் என்று குறைப்படுவது போல. 3200 வேகத்தில் இரண்டு எட்டு எடுத்தோம்.

மதர்போர்டில்தான் முடிவு சாய்ந்தது. 12400க்குக் கடையில் கையிருப்பில் இருந்தது எச்610 மதர்போர்ட். ராமுக்கு இரண்டு துளை, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு ஒன்று. இரண்டு குச்சி போட்டால் பிறகு கூட்ட இடமில்லை. 5600ஜிக்குக் கிடைத்த பி550 போர்டில் ராமுக்கு நாலு, எஸ்எஸ்டிக்கு இரண்டு. எமுலேட்டர் திறக்கிற பிள்ளைக்கு நாளைக்கு முப்பத்திரண்டு ஜிபி தேவைப்படும். 5600ஜி வென்றது இப்படித்தான். பி450 மதர்போர்ட் தருகிறார்கள் என்றால், பயோஸ் என்ற தொடக்க மென்பொருளைப் புதுப்பித்துத் தருவீர்களா என்று காசு கொடுக்க முதல் கேளுங்கள். பழைய பயோஸோடு வந்தால் 5600ஜியை அது அடையாளமே காணாது.

சேமிப்புக்கு என்விஎம்ஈ எஸ்எஸ்டி, 500 ஜிபி. பழைய சாட்டா இணைப்பில் வரும் எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பியில் முட்டி நிற்கும், மூன்றாம் தலைமுறை என்விஎம்ஈ 3500 வரை போகும். அன்றாடப் பாவனையில் வித்தியாசம் அவ்வளவு தெரியாது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் எடுத்தோம், அவ்வளவுதான்.

எங்கே வாங்குவது என்பது இங்கே ஒரு குடும்பச் சண்டை அளவுக்குப் போகும். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறினால் தெரிவும் அதிகம், விலையும் கொஞ்சம் இறக்கம். இரவு பஸ் ஏறி விடியப் போய், அடுத்த இரவு திரும்பிவிடலாம். ஆனால் சாமான் பழுதானால்? நானூறு கிலோமீட்டர் திரும்பவும் போக வேண்டும், அல்லது கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கடையும் அதைக் கொழும்புக்குத்தான் அனுப்பும், ஆனால் அலைவது கடைக்காரர். பற்றுச்சீட்டையும் வாசியுங்கள். பல கடைகளில் ஒரு வருட வாரண்டி என்றால் 350 நாள் என்று சின்ன எழுத்தில் இருக்கும். எரிந்த தடம், துரு இருந்தால் வாரண்டி இல்லை என்றும் இருக்கும். புரொசசரும் ராமும் லேசில் பழுதாகாதவை, கொழும்பில் வாங்கினாலும் பாதகமில்லை. மதர்போர்ட், பவர் சப்ளை, யூபிஎஸ் மூன்றையும் சைக்கிளில் போய்த் திருப்பிக் கொடுக்கக்கூடிய தூரத்தில் வாங்குங்கள் என்பேன்.

அந்தத் துரு விஷயம் சும்மா அல்ல. கரையோரம் குருநகர்ப் பக்கத்தில் ஒரு சினேகிதன் வீட்டுப் பெட்டியைத் திறந்தபோது திருகாணிகளின் தலை செம்பழுப்பாகப் பூத்திருந்தது, உப்புக்காற்று. கோண்டாவிலில் அது குறைவு, பதிலுக்குச் செம்மண் புழுதி. புரொசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையில் மெல்லிய சிவப்புக் கம்பளி மாதிரிப் படியும். அதனால் கேசிங்கில் கண்ணாடியும் கலர் விளக்கும் பார்க்காமல், கழற்றிக் கழுவக்கூடிய வலை வடிகட்டி முன்னால் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். தம்பிக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்.

இனிப் பவர் சப்ளை. மின்சாரம் இல்லாத 90களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் இலங்கை முழுக்க இருண்டது. வெட்டுவதை விட, திரும்ப வரும் கணம்தான் ஆபத்து. பக்கத்துத் தோட்டத்தில் நீர் இறைக்கிற மோட்டர் போட்டாலே எங்கள் வீட்டு விளக்கு ஒருக்கால் மங்கி எழும்பும்.

முந்தி எனக்கென்று பொருத்தியபோது கேசிங்கோடு இலவசமாக வந்த பவர் சப்ளையை அப்படியே விட்டேன். மேலே 500 வாட் என்று ஸ்டிக்கர். ஒரு மழை இரவு கரண்ட் போய் வந்தது. டப் என்று ஒரு சத்தம், மீன் கருகின மாதிரி ஒரு மணம். போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. பிறகு கழற்றிப் பார்த்தால் உள்ளே பாதி இடம் வெறுமை. காந்தச் சுருள்கள் இருக்க வேண்டிய இடத்தில் நேர்க் கம்பித் துண்டு பாலம் போட்டிருந்தது.

ஆகவே 550 வாட், 80 பிளஸ் பிரோன்ஸ், கேட்டால் நாலு பேருக்குத் தெரிந்த பெயர். 80 பிளஸ் என்பது மின்சாரத்தை வீணாக்காத அளவுதான், தரச்சான்று அல்ல. ஆனால் அது கூட இல்லாததைத் தொடவே வேண்டாம். இந்தப் பெட்டி முழு மூச்சில் ஓடினாலும் 150 வாட்டைத் தாண்டாது. மிச்சம் பிறகு போடப்போகும் காட்டுக்கு.

யூபிஎஸ் வோல்டேஜைச் சரிசெய்யும் வகையில் 650 விஏ. 650 என்று எழுதியிருந்தாலும் உண்மையில் தருவது 360, 390 வாட் அளவுதான். திரையும் சேர்த்து நமக்குப் போதும். எழுதிக்கொண்டிருப்பதைச் சேமித்து அணைக்கப் பத்து நிமிடம் கிடைத்தால் சரி. பட்டரி இந்த வெக்கையில் இரண்டு மூன்று வருடம்தான் உழைக்கும், அந்தச் செலவையும் இப்போதே மனதில் வையுங்கள்.

பற்றுச்சீட்டைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டாள், "ஒரு இரும்புப் பெட்டிக்கே இவ்வளவு காசு? அதுக்கு மேல இன்னொரு பட்டரிப் பெட்டியுமோ?" எரிந்துபோன என் பழையதை இன்னும் எறியாமல் வைத்திருந்தேன். அதை ஒரு கையிலும் புதியதை மறு கையிலும் கொடுத்தேன். பழையது ஒரு றாத்தல் பாண் அளவு பாரம்கூட வராது. புதியதை வாங்கியபோது அவளுடைய கை ஒருக்கால் கீழே இறங்கி எழுந்தது. இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, யூபிஎஸ்ஸுக்கும் சேர்த்துக் காசை எண்ணித் தந்தாள்.