வெள்ளிக்கிழமை மியூசியம் தியேட்டருக்கு டிக்கெட் விற்றவர்கள்

போன வெள்ளிக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக இருக்காது.

3,400 ரூபாய். நான்கு பேர், ஆளுக்கு 850. பழைய சென்னையைச் சுற்றிக்காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஆன்லைன் பக்கம். எழும்பூர் மியூசியம் தியேட்டரை மேடைவரை உள்ளே போய்ப் பார்க்கலாமாம். அப்புறம் அண்ணா சாலையில் 1913-இல் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டராம். அது எப்போதோ தபால்துறை கைக்குப் போய், இப்போது அங்கே தபால்தலைதான் விற்கிறார்கள். போகட்டும்.

அப்பாவுக்காகத்தான் பணம் கட்டினேன். 76 வயது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மியூசியம் தியேட்டரில் நாடகம் பார்த்தவர். அரைவட்டமாக அடுக்கடுக்காக இறங்கும் அந்த இருக்கைகளையும், மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்ட வசனத்தையும் பற்றி அவர் பேசாத தீபாவளி கிடையாது.

கட்டுவதற்கு முன் போன் செய்தேன். எடுத்தவர் அவ்வளவு பதவிசாகப் பேசினார். 1896-இல் திறந்தது, ஹென்றி இர்வின் வடிவமைப்பு, நம்பெருமாள் செட்டி கட்டியது என்று கடகடவென்று ஒப்பித்தார். அதற்கெல்லாம் நான் மயங்கவில்லை. "அப்பாவுக்கு முட்டிவலியா சார்? படி நிறைய இருக்கு, நான் ஆள் போட்டுக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறேன்" என்றார். அங்கேதான் விழுந்தேன். க்யூஆர் கோடில் பக்கத்தின் பெயர் இல்லாமல் வேறு யாரோ தனி ஆள் பெயர் வந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டும் 3,400 ரூபாயை அனுப்பினேன்.

மூன்று மணிக்குப் பாந்தியன் சாலையில் இறங்கினோம். கேட் சாத்தியிருந்தது. "வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு சார். இதே மெசேஜைக் காட்டிட்டு காலையிலேயும் ஒரு குடும்பம் வந்துச்சு" என்றார் வாட்ச்மேன். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்புக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தக் காலத்துல சீட்டையாவது கிழிச்சுக் கொடுத்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

போன் செய்தால், "ஸ்லாட் மாறிடுச்சு, மெசேஜ் வந்திருக்குமே சார்?" வரவில்லை. சனிக்கிழமை, "ரீஃபண்ட் ஏழு வேலை நாள்." ஞாயிறு, "அது எங்க பார்ட்னர் கணக்கு, அவங்ககிட்ட கேளுங்க." பார்ட்னர் நம்பர் கேட்டேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. நேற்று என்னை பிளாக் செய்துவிட்டார்கள். 3,400 ரூபாய் போனதைவிட, அப்பா "விடுப்பா, பரவாயில்ல" என்று எனக்கே சமாதானம் சொன்னதுதான் தாங்கவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. தனி ஆள் பெயருக்குப் பணம் அனுப்பாதீர்கள். முதலில் அந்த இடத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். என்னைப்போல் மூன்று நாள் ரீஃபண்டுக்குக் காத்திருக்காதீர்கள்.

இதை எழுதும்போது மனைவியின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வரும் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு இடம்தான் பாக்கியாம்.