கமெண்டில் எழுதிய டஜன்: எங்கள் விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷனோடு மூன்று வருடம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பள நாள். பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு அந்த வாரக் கணக்கைப் பார்த்து, சாயங்காலத்துக்குள் பணம் கைக்குப் போயாக வேண்டும். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனிக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த சம்பள சாஃப்ட்வேரில், 2022 கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஓவர்லாக் டெய்லர் ஒருவருக்கு வழக்கமான சம்பளத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு வந்து நின்றது. கணக்குப் பார்க்கும் அக்கா கண்ணில் பட்டதால் பணம் வெளியே போகவில்லை. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் தையல் ஃப்ளோரில் இருந்த அத்தனை பேரும் சம்பளத்துக்குக் காத்திருந்தார்கள்.

கோளாறு சின்னதுதான். ரேட்டைக் கொடுக்கும் ஃபங்ஷன் (ஒரு வேலையை மட்டும் செய்யும் கோட் துண்டு) டஜனுக்கான ரேட்டைக் கொடுத்தது. அதை வாங்கிய ஃபங்ஷன் பீஸ் கணக்கில் பெருக்கியது. மேலே கமெண்ட் (கோடுக்குள் மனிதர்கள் படிக்க எழுதும் குறிப்பு) இல்லாமல் இல்லை, ‘ரேட்டைத் திருப்பித் தரும்’ என்று இருந்தது. எண் வகை என்பதும் நாங்கள் கோட் எழுதும் மொழியான டைப்ஸ்கிரிப்டில் ஒழுங்காகக் குறித்திருந்தது. எதற்கான ரேட் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அது ஒரே ஒரு ஆளின் தலைக்குள் இருந்தது, அவர் அன்று லீவு.

அடுத்த வாரமே எங்களுக்கென்று சில கமெண்ட் டேக்குகளை (@ போட்டுத் தொடங்கும் குறிச்சொற்கள்) வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அவற்றை எடிட்டருக்குப் புரியவைக்க, நாங்கள் கோட் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி) எழுதினேன். மூன்று வருடமாக ஐந்து பேர் தினமும் அதைப் பயன்படுத்துகிறோம். எது நின்றது, எதைத் தூக்கி எறிந்தோம் என்று எழுதி வைத்தால் இதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவும்.

சொந்த டேக் வைப்பது புதிதல்ல. கமெண்டுகளில் இருந்து விளக்கப் பக்கங்கள் உருவாக்கும் டாக்ஸிஜனில் அதற்கென்றே ஏலியாஸ் அமைப்பு உண்டு, அதே வேலை செய்யும் ஜாவாடாக்கில் டேக் என்றே ஒரு ஆப்ஷன் உண்டு, டைப்ஸ்கிரிப்ட் கமெண்டுகளுக்கான டிஎஸ்டாக்கில் ஒரு ஜேசன் ஃபைலில் சொல்லிவிடலாம். ஆனால் டாக்ஸிஜன், ஜாவாடாக் இரண்டும் கடைசியில் உருவாக்குவது தனியாகத் திறந்து படிக்க வேண்டிய பக்கங்களை. எங்கள் ஆபீசில் அப்படி உருவாக்கிய பக்கங்களை ஒருவரும் திறந்ததில்லை. ஃபங்ஷன் பெயர் மேல் மவுஸை வைத்தால் தெரிவது எதுவோ அதைத்தான் படிக்கிறோம். அதனால் எடிட்டரிலேயே கை வைத்தேன்.

எங்கள் கமெண்ட் இப்படி இருக்கும்:

/**
 * சாயத்துக்குப் போன துணியில் திரும்பி வர வேண்டிய எடை.
 * @அலகு கிலோ (ரோல் அல்ல)
 * @விதி ப்ராசஸ் லாஸ் கலருக்குக் கலர் மாறும், அட்டவணையில் இருந்து எடுக்கவும்
 * @கேட்டது ஃபேப்ரிக் மேனேஜர், 14-02-2023
 */

(ப்ராசஸ் லாஸ் என்பது சாயம் போடும்போது குறையும் எடை.) டேக்குகளைத் தமிழில் வைத்தது பெருமைக்காக அல்ல. விதியைச் சொல்பவர்கள் தமிழில்தான் சொல்கிறார்கள். அதை இங்கிலீஷுக்கு மாற்றும்போதுதான் ‘டஜனுக்கு’ போன்ற சொல் கீழே விழுகிறது. சொன்னவர் சொன்னபடியே எழுதினால் ஒன்றும் சிந்தாது.

ஆனால் தமிழ் டேக் என்று முடிவெடுத்ததும் முதல் வாரம் முழுக்க, எழுத்து வரிசைகளைத் தேடிப் பிடிக்கும் ரெகெக்ஸோடு போனது. சொல்லைப் பிடிக்க எல்லோரும் போடும் வழக்கமான குறியைப் போட்டேன். ஜாவாஸ்கிரிப்டில் அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றை மட்டுமே பிடிக்கும், தமிழில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. அப்புறம், எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடில் ‘எழுத்து’ என்ற வகையைப் பிடிக்கும் குறியைப் போட்டுப் பார்த்தேன். @அலகு என்பதில் ‘அலக’ வரைக்கும் நிறம் மாறியது, கடைசி உகரக் குறி வெளியே நின்றது. @விதி-யில் ‘வ’ மட்டும். யூனிகோடுக்கு ‘வி’ என்பது ஓர் எழுத்தல்ல, வ என்ற எழுத்தும் அதன் மேல் ஒரு குறியும். புள்ளிகூடக் குறி வகைதான். எழுத்து, குறி என்ற இரண்டு வகையையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்ன பிறகுதான் சரியானது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது @பொறுப்பு என்று நாலாவதாக ஒரு டேக் இருந்தது. ஒருவர் எழுதினால் வேலை செய்தது, பக்கத்து சீட்டுக்காரர் எழுதினால் செய்யவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. எழுத்துகளின் யூனிகோட் எண்களான கோட் பாயிண்டுகளைப் பிரித்துப் பார்த்தால், ஒருவரின் கீபோர்டு ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடுகிறது, இன்னொருவருடையது ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகப் போடுகிறது. ஒப்பிடும் முன்னால் இரண்டு பக்கமும் என்எஃப்சி முறைக்கு (பிரிந்த துண்டுகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் முறை) நார்மலைஸ் செய்ய ஒரே ஒரு வரி சேர்த்தேன், தீர்ந்தது. தமிழில் டேக் வைப்பவர்கள் இந்த ஒரு வரியை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

நிறம் கொடுப்பது எளிது. இருக்கிற மொழியின் கிராமரை (எது எந்த வகைச் சொல் என்று எடிட்டருக்குச் சொல்லும் விதிகள்) தொடாமல், கமெண்டுக்குள் மட்டும் நுழையும் இன்ஜெக்‌ஷன் கிராமர் ஒன்றை எழுதி பேக்கேஜ் ஃபைலில் சொன்னால் போதும். டைப்ஸ்கிரிப்டுக்கும் டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லுக்கும் அதே ஒன்று ஓடுகிறது. பிடித்த சொல் எந்த வகை என்று சொல்லும் ஸ்கோப் பெயரை மட்டும் நம் இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது. எடிட்டரின் நிறத் தொகுப்பான தீமுக்கு ஏற்கெனவே தெரிந்த ‘கீவேர்ட்’ போன்ற சொல்லில் அது தொடங்கினால்தான், ஒவ்வொருவரும் வைத்திருக்கும் தீமில் தானாக நிறம் வரும்.

டைப் செய்யும்போது பட்டியல் வரவைப்பதில் ஒரு இடறல். @ தட்டியதும் பட்டியல் வந்தது, @விதி-யைத் தேர்ந்தெடுத்தால் @@விதி என்று விழுந்தது. விஎஸ் கோட் @ என்பதைச் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கிருந்து எதுவரை மாற்ற வேண்டும் என்று நாமே ரேஞ்ச் கொடுக்க வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு டேக்குக்கும் கீபோர்டை மாற்றுவது அலுப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். அது நியாயமான புகார். பட்டியலை வடிகட்டும் சொல்லைத் தனியாகக் கொடுக்கும் வசதி இருக்கிறது. அங்கே ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தேன். இப்போது ஆங்கிலக் கீபோர்டிலேயே முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் @விதி வந்து நிற்கிறது. அந்த மாற்றம் வந்த பிறகுதான் இதை எல்லோரும் மனசோடு பயன்படுத்த ஆரம்பித்தார்கள்.

அடுத்தது ஹோவர், அதாவது பெயர் மேல் மவுஸை வைத்தால் வரும் பெட்டி. இந்த எக்ஸ்டென்ஷனில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் ஹோவரைத்தான் வைத்துக்கொள்வேன். டைப்ஸ்கிரிப்டில் தெரியாத டேக்கைக்கூட எடிட்டர் தானாகவே காட்டிவிடும். நான் எழுதியதும் சேர்ந்து ஒரே பெட்டியில் ஒரே விஷயம் இரண்டு தடவை வந்ததால், அங்கே என்னுடையதை அணைத்துவிட்டேன். எஸ்கியூஎல்லில் நிலைமை வேறு. எங்கள் கூலிக் கணக்கில் பாதி ப்ரொசீஜர்களில்தான் (டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடும் கோட் துண்டுகள்) இருக்கிறது, அங்கே கமெண்டைக் காட்ட எதுவும் இல்லை. அதனால் ப்ராஜெக்ட் திறக்கும்போது எக்ஸ்டென்ஷன் எல்லா ஃபைல்களிலும் இருக்கும் டேக்குகளை ஒரு தடவை திரட்டி, ஃபைல் மாறும்போது அதை மட்டும் திரும்பப் படித்துக்கொள்கிறது. ப்ரொசீஜர் பெயர் மேல் மவுஸ் போனால் முதல் வரியில் அலகு, தடித்த எழுத்தில்.

கோபியில் இருந்து புதிதாக வந்து சேர்ந்த பொண்ணு முதல் மாதம் முழுக்க என்னிடம் வந்து, “ண்ணா, இது டஜனுக்குங்களா, பீஸுக்குங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எஸ்கியூஎல் ஹோவர் வந்த வாரத்தில் அந்தக் கேள்வி நின்றது. அப்புறம் வந்த கேள்வி வேறு: “ண்ணா, இதுல கேட்டதுன்னு போட்டிருக்கறவரு வேலைய விட்டுப் போயிட்டாருங்க. இப்ப யாருகிட்டங்க கேக்கறது?” அப்படித்தான் @கேட்டது டேக்கில் ஆள் பெயர் எழுதுவதை நிறுத்தி, பொறுப்பின் பெயரையும் தேதியையும் எழுத ஆரம்பித்தோம். அதோடு @பொறுப்பு டேக் தேவையில்லாமல் போய்விட்டது, எடுத்துவிட்டோம். இப்போது மூன்றே டேக்தான்.

தோற்ற விஷயம் ஒன்று. @அலகு இல்லாத ஃபங்ஷனுக்கு அடியில் மஞ்சள் நெளிகோடு போட்டு எச்சரிக்கும் வசதியைச் சேர்த்தேன். இரண்டு வாரத்தில் எல்லா இடத்திலும் @அலகு வந்துவிட்டது. திறந்து பார்த்தால் பாதி இடத்தில் ‘@அலகு எண்’ என்று இருந்தது. நெளிகோடு போக வேண்டும் என்பதற்காக எழுதிய வரிகள் அவை. கமெண்ட் இல்லாததைவிட இது ஆபத்து, ஏனென்றால் படிப்பவர் நம்பிவிடுவார். எச்சரிக்கையை எடுத்துவிட்டு, கோட் ரிவ்யூவில் ஒருவர் கண்ணால் பார்ப்பது என்று வைத்தோம். மூன்று வருடத்தில் நான் எடுத்த நல்ல முடிவு இதுதான் என்று நினைக்கிறேன்.

லாங்வேஜ் சர்வராக (எடிட்டருக்கு வெளியே ஓடும் தனி ப்ரோக்ராம்) மாற்றலாமா என்றும் ஒருமுறை முயன்றேன். 2016-ல் அதற்கான நெறிமுறை வந்ததில் இருந்து எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஒரே சர்வரை எழுதினால் வேறு எடிட்டர்களிலும் ஓடும், உண்மைதான். ஆனால் ஐந்து பேரும் விஎஸ் கோடில் இருக்கும்போது அந்த உழைப்புக்கு இங்கே வேலை இல்லை. நிறுத்திவிட்டேன்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. மார்க்கெட்பிளேஸில் போடவில்லை, நேராக இன்ஸ்டால் செய்யும் விசிக்ஸ் ஃபைலாகக் கட்டி ஆபீஸ் டிரைவில் வைத்திருக்கிறேன். அப்படிப் போட்டது தானாக அப்டேட் ஆகாது, ஒவ்வொரு தடவையும் ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். விஎஸ் கோட் அடிக்கடி புது வெர்ஷனை இறக்கினாலும் மூன்று வருடத்தில் ஏபிஐ (எக்ஸ்டென்ஷன் விஎஸ் கோடோடு பேசும் வழி) மாறி எங்களுடையது ஒரு தடவைகூட உடையவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரே ஒரு தொந்தரவு: நம்பிக்கை கொடுக்காத ஃபோல்டரை ரெஸ்ட்ரிக்டட் மோடில் திறந்தால், கமெண்டில் இருக்கும் தமிழ் எழுத்துகளைச் சுற்றிக் கட்டம் கட்டிவிடும். சந்தேகமான யூனிகோடைக் காட்டும் பாதுகாப்பு வசதி அது, புதிதாக வருபவர்கள் கோளாறு என்று பயந்துவிடுகிறார்கள். ஃபோல்டரை நம்புகிறேன் என்று சொன்னால் போய்விடும்.

@விதி டேக்கின் பலன் எனக்கு முழுதாகப் புரிந்தது ஜிஎஸ்டி பகுதியில். பழைய கோடில் 90 என்று ஒரு எண் தனியாக நின்றது. துணி வெளியே போய் 90 நாள் ஆனால் ஒரு நினைவூட்டல் வரும். ஜாப் ஒர்க்குக்கு (சாயம் போடுவது போல வெளியே கொடுத்துச் செய்யும் வேலை) அனுப்பிய சரக்கு, மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 143-வது பிரிவுப்படி ஒரு வருடத்துக்குள் திரும்ப வர வேண்டும், வராவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்காகும். அப்படியானால் 90 எங்கிருந்து வந்தது? இரண்டு நாள் தேடியதில் தெரிந்தது, ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கைப் பற்றிய ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி அறிக்கையைக் காலாண்டுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டியிருந்த காலத்து எண் அது. 2021 அக்டோபரில் இருந்து, விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் அரையாண்டுக்கு ஒருமுறை, இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை என்று மாறிவிட்டது. எழுதியவர் ஒரு வரி விட்டுவைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. இப்போது அந்த இடத்தில் பிரிவு எண்ணும், எந்தத் தேதியில் இருந்து என்பதும் @விதி-யில் இருக்கிறது.

போன வருடம் ஒரு சின்ன கமாண்டைச் சேர்த்தேன். எல்லா @விதி வரிகளையும் திரட்டி, எந்த ஃபங்ஷன், எந்த அலகு என்பதோடு ஒரே பக்கமாகக் கொடுக்கும். அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் ஃபேப்ரிக் மேனேஜர் அண்ணனிடம் கொடுத்தேன். கோடே தெரியாத மனிதர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

“ஏனுங் தம்பி, இத யாருங்க ஆறு பர்சன்ட்னு போட்டது? எல்லாக் கலருக்கும் ஒரே லாஸுங்களா?”

ஒரு ப்ரொசீஜரில் மட்டும் அட்டவணையைப் பார்க்காமல் நேராக ஆறு என்று எழுதியிருந்தது. ஒரு வருடமாக அதன் மேல் இருந்த கமெண்டும் அதையேதான் சொன்னது, நாங்கள் எல்லோரும் சரி என்று தாண்டிப் போயிருந்தோம். பேனாவை எடுத்து அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘கலர் பாத்து’ என்று எழுதிக் கொடுத்தார். சீட்டுக்கு வந்து முதலில் @விதி வரியை மாற்றினேன், அப்புறம் அதன் கீழே இருந்த கணக்கை.