பழைய செங்கல் சுவருக்குச் சிமெண்ட் சாந்தா, சுண்ணாம்புச் சாந்தா?

ஒரே சுவர். இடப்பாதியில் சிமெண்ட் சாந்து, வலப்பாதியில் சுண்ணாம்புச் சாந்து. திட்டம் போட்டுச் செய்த சோதனை இல்லை. முதல் பாதியில் செய்த தப்பை இரண்டாம் பாதியில் திருத்திக்கொண்டேன், அவ்வளவுதான். சுண்ணாம்பில் கட்டிய பழைய சுற்றுச்சுவர் அது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து உதிர்ந்து, விரலை விட்டால் முதல் கணு வரை உள்ளே போகும். ஆறு வருடத்துக்கு முன் இடப்பாதியைச் சுரண்டி சிமெண்டால் பாயிண்டிங் செய்தோம், அதாவது கல் இடுக்குகளில் புதுச் சாந்து அடைத்தோம். "நல்லா கெட்டியா இருக்கட்டும்" என்று 1:3 கலவை (ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல்) கேட்டு வாங்கியது நான்தான். கொத்தனார் மேல் பழி போட முடியாது.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். சிமெண்ட் எங்கும் கிடைக்கும், எந்தக் கொத்தனாருக்கும் கைப்பழக்கம், மறுநாளே இறுகியிருக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேட வேண்டும், இறுகுவதற்குக் காத்திருக்கவும் வேண்டும். வலு எதில் அதிகம்? சிமெண்டில்தான், சந்தேகமே இல்லை. எனக்கு வினையானதும் அந்த வலுதான்.

மூன்றாவது மழைக்காலம் முடிந்தபோது இடப்பாதியில் சாந்துக் கோடுகள் புதிதாகவே இருந்தன. கல்தான் போயிருந்தது. கல்லின் முகம் தகடு தகடாக உரிந்து உள்வாங்க, சிமெண்ட் கோடு மட்டும் தேன்கூட்டு விளிம்பு மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. காலடியில் செம்மண் தூள்.

காரணம் எளிமையானது. செங்கல் சுவர் தண்ணீர் குடிக்கும், தரையிலிருந்தும் மழையிலிருந்தும். குடித்ததை எப்படியாவது வெளியே விட வேண்டும். சுண்ணாம்புச் சாந்து நுண்துளை நிறைந்தது, ஓதம் அதன் வழியாகக் காய்ந்துவிடும். அடர்ந்த சிமெண்ட் அந்த வழியை அடைத்தால், ஈரம் கல்லின் முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கூடவே கரைந்து வரும் உப்பு, முகத்துக்குப் பின்னால் படிகமாகி வளர்ந்து மேல்தோலை நெம்பித் தள்ளிவிடும். சூளையில் நன்றாக வெந்த அந்தத் தோல் போனபின் உள்ளே இருப்பது மெத்தென்ற பகுதி. அது இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். வெயிலில் விரிந்து சுருங்குவதும் இப்படித்தான். சாந்து விட்டுக்கொடுக்காவிட்டால் கல் விரிசல் விடும்.

எனவே சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். சாந்து கெட்டால் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைக்கலாம், ஒரு நாள் வேலை. கல் கெட்டால் சுவரே கெட்டது. என் வரையில் முடிவைத் தீர்மானித்தது இது ஒன்றுதான்: பின்னாளில் கழற்ற முடியுமா? வலப்பாதியில் உளியை வைத்து மெல்லத் தட்டினாலே பழைய சுண்ணாம்பு பொடியாக வந்தது. இடப்பாதியில் ஒரு அடி நீளத்துக்குச் சிமெண்டை எடுத்துப் பார்த்தேன். நான்கு கல்லின் விளிம்பும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. சுவரையே ஒருநாள் பிரித்தாலும், சுண்ணாம்பில் கட்டிய கல்லைத் தட்டிச் சுத்தம் செய்து மறுபடி அடுக்கலாம். சிமெண்டில் கட்டியது பெரும்பாலும் ஜல்லிக்குத்தான் ஆகும்.

வலப்பாதியைச் செய்த விதம். சுண்ணாம்பை நானே நீற்றவில்லை. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நீற்றிய விழுதாகவே வாங்கினேன். தண்ணீருக்கு அடியில் மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது, நாள் ஆக ஆகப் பதம் கூடும். கையுறையும் கண்ணாடியும் அதற்கும் வேண்டும். அளவு, ஒரு பங்கு விழுதுக்கு மூன்று பங்கு மணல். ஏன் மூன்று என்று தெரிய ஒரு வாளியில் உலர்ந்த மணலை நிரப்பி, மேல்மட்டம் தொடும்வரை தண்ணீரை அளந்து ஊற்றிப் பாருங்கள். வாளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் பிடிக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் விழுது.

இணைப்பின் அகலம் 10 மில்லிமீட்டர் என்றால் குறைந்தது 20 மில்லிமீட்டர் ஆழம் சுரண்ட வேண்டும். மேலாக மெழுகினால் அடுத்த வருடமே பொருக்காக விழும். தூசியைத் துலக்கி, கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடாதபடி தண்ணீர் தெளித்து, மெல்லிய கரணையால் அழுத்தி அழுத்தி அடைக்க வேண்டும். கல்லின் முகத்தில் இழுகக்கூடாது. நகம் பதியும், ஆனால் விரல் அழுந்தாது என்ற பதம் வந்ததும் முரட்டுப் பிரஷால் தட்டிக் கொடுத்தால் சிறு வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். பிறகு ஈரச்சாக்கு. சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவைப் பிடித்துத்தான் கல்லாகிறது, அதற்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். வெயிலில் விட்டால் இறுகாமல் வெறுமனே காய்ந்து, தொட்டால் பொடியாகும். முதல் இரண்டு அடி நீளத்தை நான் அப்படித்தான் வீணடித்தேன்.

சிமெண்டுக்கு நியாயமும் சொல்ல வேண்டும். நான் 1:3 போட்டது அதிகப்படி. 1:6 என்றிருந்தால் சேதம் குறைந்திருக்கலாம். புதிதாகக் கட்டும் சுவர், நன்றாக வெந்த கெட்டிக் கல், சீக்கிரம் சுமை ஏற வேண்டிய இடம் என்றால் நானும் சிமெண்ட்தான் கேட்பேன். எப்போதும் தண்ணீர் நிற்கும் இடத்தில் சாதாரணச் சுண்ணாம்பு இறுகாது. களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கும், நீரிலும் இறுகும் வகை வேண்டும், அல்லது செங்கல் தூள் சேர்க்க வேண்டும். ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்று நடுவழியும் உண்டு. அதைப் புதுச் சுவருக்குப் பயன்படுத்துவேன், உதிர்கிற பழைய கல்லுக்கு வேண்டாம்.

வலப்பாதிக்கு வயது மூன்று. இடப்பாதி உரியத் தொடங்கியதும் அதே வயதில்தான். இங்கே இதுவரை ஒரு கல்லும் உரியவில்லை. இரண்டு இடத்தில் சாந்து லேசாக அரித்திருக்கிறது, ஒரு கிண்ணம் விழுது போதும். பத்து வருடக் கணக்கை என் சுவரை வைத்துச் சொல்ல முடியாது.

இடப்பாதிச் சிமெண்டை முழுக்க எடுக்கவில்லை, எடுத்தால் மிச்சக் கல்லும் போகும். தானாக விரிசல் விட்டு ஆடுகிற துண்டை மட்டும் விரலால் உருவிவிட்டு, அந்த இடத்தில் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டு வருகிறேன். இந்த வருடம் ஏழு துண்டு.