மலைச்சாலை தேடும் சைக்கிள்காரர்களுக்கு ஸ்ட்ராவா எவ்வளவு உதவும்? இரண்டு வருடம் பயன்படுத்தியதில் தெரிந்தது

சேலத்தில் இருந்துகொண்டு மலைக்கு வழி தேட ஆப் எதற்கு, ஏற்காடு கண்ணெதிரிலேயே நிற்கிறதே என்று நண்பர்கள் கேட்பார்கள். ஏற்காட்டுக்கு வழி எல்லோருக்கும் தெரியும், சரி. ஆனால் ரோடு பைக் என்கிற மெல்லிய டயர் சைக்கிளில், 25 மில்லிமீட்டர் டயரில் ஏறுகிறவனுக்கு எந்தப் பக்கம் தார் நன்றாக இருக்கிறது, எங்கே ஏற்றம் கடுமையாகிறது, எங்கே கொஞ்சம் மூச்சு வாங்கலாம் என்பதுதான் வேண்டும். பஸ்ஸில் போய் வந்தவர்களைக் கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. அதற்காகத்தான் சைக்கிள், ஓட்டம் எல்லாவற்றின் தடத்தையும் பதிவு செய்யும் ஸ்ட்ராவா என்ற ஆப்பைப் பிடித்தேன், இரண்டு வருடமாக விடவில்லை.

இதில் எனக்கு அதிகம் பயன்பட்டது ஹீட்மேப். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பதிவு செய்த தடங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, அதிகம் போன சாலையைப் பளிச்சென்றும் குறைவாகப் போன சாலையை மங்கலாகவும் காட்டும் வரைபடம். காசு கட்ட வேண்டாம், கணக்கு ஒன்று திறந்தால் போதும். ஓட்டம், நடை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு சைக்கிளை மட்டும் வைத்துப் பாருங்கள். ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுச் சாலை தடிமனாகத் தெரியும், அது எதிர்பார்த்ததுதான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது கிழக்குப் பக்கம் குப்பனூரிலிருந்து ஏறும் கோடு. பெருமழையில் மண் சரிந்து மெயின் ரோடு அடைபட்டால் வண்டிகளைத் திருப்பிவிடுவார்களே, அந்தச் சாலை. நான் அதை ஒரு மாற்றுவழி என்று மட்டுமே நினைத்திருந்தேன், அங்கே சைக்கிள்காரர்கள் விரும்பிப் போகிறார்கள் என்பது வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். சாலை குறுகல், ஆனால் சுற்றுலா வண்டிகளின் ஹாரன் இல்லை, பாதித் தூரத்துக்கு என் செயின் சத்தம் மட்டும்தான் கேட்டது. இப்போது குப்பனூர் வழியாக ஏறி அடிவாரம் வழியாக இறங்குவதுதான் என் வழக்கம்.

ஹீட்மேப்பில் இன்னொன்றும் பார்க்கலாம். பளிச்சென்று வருகிற கோடு மலையின் பாதியில் திடீரென்று மங்கினால், அந்த இடத்தில் எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள் என்று அர்த்தம். செக்போஸ்ட் இருக்கலாம், தார் முடிந்து கப்பி ரோடு ஆரம்பிக்கலாம். நான் பார்த்தவரை காரணம் இல்லாமல் மங்குவதில்லை.

அடுத்து, ஏற்றங்களுக்கு ஸ்ட்ராவா கொடுக்கும் தரம். நான்காம் தரத்தில் தொடங்கி ஒன்றாம் தரம் வரைக்கும், அதற்கும் மேலே ஹெச்.சி., அதாவது தரத்துக்கே அடங்காத ஏற்றம். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், அல்லது துணிகிறார்கள். தூரத்தை மீட்டரில் எடுத்து, சராசரிச் சாய்வின் சதவீதத்தால் பெருக்குகிறார்கள். 8,000 தாண்டினால் நான்காம் தரம், 80,000 தாண்டினால் ஹெச்.சி. சராசரி குறைந்தது 3 சதவீதம் இருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்தால், தூரத்தைச் சாய்வால் பெருக்கினால் வருவது ஏறிய உயரம்தானே, நூறு மடங்காக. 800 மீட்டர் உயரம் ஏறினால் ஹெச்.சி., அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் ஏற்காடு, கொல்லிமலை, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி எல்லாமே ஹெச்.சி.தான், மூன்றும் ஏறுகிற காலுக்கு ஒன்றா? இல்லவே இல்லை.

அதனால் தரத்தை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் நிதானமாக ஏறினால் மணிக்கு சுமார் 600 மீட்டர் உயரம் ஏறுவேன். ஏற்காடு ஏறக்குறைய 1,000 மீட்டர், ஒரு மணி நாற்பது நிமிடம். கோத்தகிரி ஏறக்குறைய 1,450 மீட்டர், இரண்டரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. பெரும்பாலும் கணக்கு தப்புவதில்லை. நேரத்தைச் சொல்வது உயரம், கியரைச் சொல்வது சாய்வு. உங்கள் வேகத்தை ஒரே ஒரு மலையில் அளந்துவிட்டால் போதும், மற்ற மலைகளுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை பாட்டில் தண்ணீர் வேண்டும் என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்.

சாய்வு விஷயத்தில்தான் கவனம் வேண்டும், இது எந்த ஆப்புக்கும் பொருந்தும். பல வரைபடங்களின் உயரக் கணக்குக்கு அடிப்படை 2000-ல் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த அளவு. அதில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். நம் மலைச்சாலையின் அகலமோ ஏழெட்டு மீட்டர். ஒரே கட்டத்துக்குள் சாலையும் வரும், மேலே பாறையும் வரும், கீழே பள்ளமும் வரும். கொண்டை ஊசி வளைவில் சாலை மடங்கித் திரும்பும் இடத்தில் கேட்கவே வேண்டாம், இல்லாத 25 சதவீத ஏற்றத்தை வரைபடம் காட்டும். ஸ்ட்ராவா, காற்றழுத்தத்தை வைத்து உயரம் அளக்கும் கருவிகளோடு பலர் ஓட்டிய தடங்களிலிருந்தும் உயரம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஆட்கள் நிறையப் போகும் சாலைகளில் அதன் உயரப் படத்தை ஓரளவு நம்புகிறேன். யாரும் போகாத சாலையில் ஊசி மாதிரி நிற்கும் சிகரங்களைக் கண்டால் நம்புவதில்லை.

எந்தப் படத்திலும் வராத ஏற்றம் ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் மடங்கும் கொண்டை ஊசி வளைவில், இடது ஓரமாகவே போகும் நமக்குக் கிடைப்பது வளைவின் உள்பக்கம். அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏற வேண்டும், சக்கரம் நின்றே போய்விடும் போலிருக்கும். வலப்பக்கம் மடங்கும் வளைவில் வெளிப்பக்கம் கிடைக்கும், அங்கே ஓய்வே எடுக்கலாம். கொல்லிமலையில் காரவள்ளியிலிருந்து ஏறும்போது இப்படி 70 வளைவுகள். இடது வளைவு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய் மிதியை அழுத்திக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடும். பின்னால் வண்டி இல்லையென்றால் நம் பாதிக்குள்ளேயே கொஞ்சம் நடுப்பக்கமாக நகர்ந்து ஏறலாம். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 28 பல் என்றால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கவே மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பின்னால் 32 பல் போட்டால் 8 போதும். அந்த ஒரு கிலோமீட்டர் வித்தியாசம் நாற்பதாவது வளைவுக்கு மேல் பெரிதாகத் தெரியும், பின் பல்சக்கரத் தொகுப்பான கேசட்டை மாற்றிக்கொண்டே போங்கள்.

ஆப்புக்குத் தெரியாதவையும் உண்டு. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள், நாட்டிலேயே எனக்கு மிகப் பிடித்த ஏற்றம், ஒன்பதாவது வளைவில் கைப்பிடிச் சுவர் மேல் வரையாடு நின்று நம்மைப் பார்க்கும். ஆனால் அது புலிகள் காப்பகத்துச் சாலை, வனத்துறை செக்போஸ்டில் அன்றைக்கு என்ன சொல்கிறார்களோ அதுதான் முடிவு. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்ஹட்டி, 36 வளைவுகள், 2008-ல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணத்தால் பேர் பெற்ற ஏற்றம். வரைபடத்தில் பளிச்சென்று இருக்கிறதே என்று விடியும் முன் தனியாகப் போய்விடாதீர்கள், யானை நடமாடும் காடு.

வழி வரையும் வசதி 2020 முதல் சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும். மாதம் ஒரு புது மலை ஏறுகிறவர்கள் கட்டலாம், அதே இரண்டு மலையைச் சுற்றுகிறவர்களுக்கு ஹீட்மேப் போதும். எந்த ஆப் வரைந்து கொடுத்த வழியாக இருந்தாலும் பெரிதாக்கி ஒரு முறை முழுக்கப் பார்த்துவிடுங்கள். இன்னொரு ஆப் தானாகப் போட்டுக் கொடுத்த வழியை நம்பி ஏற்காட்டில் மேல்சுற்றுக்குப் போனேன், தார் முடிந்து செம்மண் வந்து, கடைசியில் ஒரு காபி எஸ்டேட் கேட்டில் போய் நின்றது. காவலுக்கு இருந்த பெரியவர், "தம்பி, இதுக்கு மேல வழி இல்லப்பா, இந்தச் செருப்ப போட்டுட்டு நடக்கவும் முடியாது" என்று சொல்லி, மிதியில் மாட்டிக்கொள்ளும் என் கிளீட் ஷூவைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே திரும்பினேன். ஹீட்மேப்பில் அந்தப் பாதையைப் பிறகு பார்த்தேன். ஒரு கோடு கூட இல்லை.

அடுத்ததாக கொல்லிமலைக்கு முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து ஏறும் சாலையைப் பார்த்து வைத்திருக்கிறேன். காரவள்ளிப் பக்கத்தை விட மங்கலாகத்தான் தெரிகிறது, ஆனால் மேலே வரை அறுபடாமல் போகிறது. மழை தொடங்குவதற்குள் போய்விட வேண்டும்.