கேட்டில் யாரை உட்கார வைப்பது? சொந்த வாட்ச்மேன், ஏஜென்சி, முன்னாள் ராணுவத்தினர்

மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள், ஒரே கேட். அந்த ஒரு கேட்டுக்கு ஆள் போடுவதில் ஏழு வருடத்தில் மூன்று வழியையும் பார்த்துவிட்டோம். முதலில் நாங்களே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட வாட்ச்மேன், அடுத்து செக்யூரிட்டி ஏஜென்சி, நடுவில் எட்டு மாதம் முன்னாள் ராணுவத்தினர். அசோசியேஷன் செயலாளர் என்பதால் அந்தக் கோப்புகள் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் "எது சார் நல்லது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். எது மலிவு என்பதும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதனால் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் முதல் வாட்ச்மேன், கட்டட வேலை நடந்தபோதே கம்பிக்கும் சிமென்ட்டுக்கும் காவலாக வந்தவர். பில்டர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். இவர் குடும்பத்தோடு மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையிலேயே தங்கிவிட்டார். வாட்ச்மேன் அண்ணன் கேட்டைப் பார்த்துக்கொள்வார், அவர் மனைவி படிக்கட்டு கூட்டுவார். எந்த வீட்டுக்கு எந்தப் பால்காரர், எந்தப் பாட்டிக்கு யார் வந்தால் கதவைத் திறந்துவிடலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மோட்டார் ஓடும் சத்தம் லேசாக மாறினாலே "சம்பு காலியாகப் போகுது, லாரிக்குச் சொல்லிடுங்க" என்று போன் செய்வார். அவருக்குப் பிறகு வந்த யாருக்கும் அந்தக் காது இல்லை.

ஆனால் "24 மணி நேரமும் டியூட்டி" என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதற்கு, ஒரு மனிதர் 24 மணி நேரமும் அரைத் தூக்கத்தில் இருந்தார் என்றுதான் அர்த்தம். ஆடி மாதம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஊருக்குப் போனால் பத்து நாள் கேட்டில் ஆள் இருக்காது. ஒருமுறை மேல்தொட்டி ஏணியில் வழுக்கி விழுந்து அவர் மணிக்கட்டு முறிந்தது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு குறைந்தது பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் கட்டாயம், பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி குறைந்தது இருபது பேர் இருந்தால். ஒற்றை வாட்ச்மேனுக்கு இரண்டுமே இல்லை. வீட்டுக்கு 500 ரூபாய் என்று வசூல் செய்துதான் வைத்தியம் பார்த்தோம். 31 வீடுகள் கொடுத்தன.

இந்த வழிக்குச் சட்டத்தில் லைசென்ஸே கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2005-ம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. தொழிலில் இருப்பவர்கள் 'பசாரா' என்பது இதைத்தான். ஆள் அனுப்பும் தொழிலைத்தான் அது கட்டுப்படுத்துகிறது. குடியிருப்பு நேரடியாக வைத்துக்கொள்ளும் வாட்ச்மேன் அதற்குள் வரமாட்டார். பயிற்சி, உடல் தகுதி, பின்னணி விசாரணை எல்லாம் நம் பொறுப்பு. பின்னணி விசாரணைக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். நாங்கள் அதைக்கூடச் செய்யாமல் ஐந்து வருடம் ஓட்டினோம். நல்ல மனிதராக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்து ஏஜென்சி. இங்கே சட்டம் முழுசாக வருகிறது, தாளில் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். சட்டத்தில் உள்ள கட்டணம் ஒரு மாவட்டத்துக்கு 5,000, ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுவதற்கும் 25,000 ரூபாய். காவலாளிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், 65 ஆகியிருக்கக் கூடாது. 2006-ல் வந்த மத்திய மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப்பயிற்சி என்று வைத்தன. குறைந்தது 20 வேலை நாள். வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, 15 காவலாளிகளுக்கு ஒரு சூப்பர்வைசர் என்பதும் அதில் உண்டு. சட்டைப் பையில் கயிறு கட்டிய விசில், குறிப்பெழுத நோட்டு, பேனா, படம் ஒட்டிய அடையாள அட்டை வரைக்கும் விதியில் இருக்கிறது.

அந்த நோட்டை நான் முதன்முதலில் திறந்து பார்த்தது ஒரு திருட்டுக்குப் பிறகு. மார்கழி மாதம், விடியற்காலை மூன்றேகால் மணி. பார்க்கிங்கில் இருந்து ஒரு பைக்கை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போவது கேமராவில் தெளிவாகத் தெரிகிறது. நாற்காலியில் செக்யூரிட்டி, தலை மார்பில் தொங்க, குரங்குக் குல்லாய் கண் வரை இறங்கியிருக்க, தூங்குகிறார். வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டு அவரைத் திட்டித் தீர்த்தார்கள். நோட்டில் பார்த்தால், முந்தின நாள் காலை எட்டு மணிக்கு ஓர் அலுவலகத்தில் டியூட்டி ஏறியிருக்கிறார். எங்கள் கேட்டுக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை என்று, இரவு எட்டு மணிக்கு அங்கிருந்து நேராக இங்கே அனுப்பிவிட்டார்கள். இரண்டு இடத்து நேரத்தையும் தன் கையெழுத்தில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்த மனிதர். தொழிலில் இதற்கு 'டபுள் டியூட்டி' என்று பெயர்.

அன்றைக்குத்தான் ஏஜென்சியின் லைசென்ஸ் நகலையும் எடுத்துப் பார்த்தேன். சென்னை மாவட்டத்துக்கு மட்டும் வாங்கியது. மேடவாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். போதாததற்குக் கெடு முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கையெழுத்துப் போடும்போதே நான் பார்த்திருக்க வேண்டியது இது. புறநகரில் இருப்பவர்கள் இந்த ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். முகவரியில் 'சென்னை' என்று இருந்தாலும் மாவட்டம் வேறாக இருக்கலாம்.

சரி, டபுள் டியூட்டி ஏன் வருகிறது? எங்கள் பில்லிலேயே காரணம் இருந்தது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் எட்டு மணி நேரம், ஆறு நாள் வேலை பார்த்தால் 48. 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை. ஒரு கேட்டுக்கு, ஒரு நாற்காலிக்கு, மூன்றரை ஆள் வேண்டும். ஊரில் முக்கால்வாசிக் குடியிருப்புகள் வாங்குவது இரண்டே ஆள்: பகல் 12 மணி, இரவு 12 மணி, வார விடுப்பு இல்லாமல். ஆளுக்கு வாரம் 84 மணி நேரம். இதில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் 24 மணி நேரம் நிற்பார். வேறு வழியே கிடையாது.

இரண்டு ஆள் மலிவு என்று எல்லோரும் நம்புகிறார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டைக் கூலி தர வேண்டும். 84-ல் 48 போக மீதி 36 மணி நேரம், கூலிக் கணக்கில் 72. ஆக, ஒருவருக்கு 120 மணி நேரக் கூலி. சாதாரண வாரச் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. இரண்டு பேருக்கு ஐந்து மடங்கு. மூன்றரை ஆள் வைத்தால் மூன்றரை மடங்கோடு முடிந்துவிடும். ஓவர்டைம் கொடுக்கப்படாமல் இருப்பதால்தான் இரண்டு ஆள் மலிவாகத் தெரிகிறது. அந்த வித்தியாசம் கேட்டில் உட்கார்ந்திருப்பவர் பையில் இருந்துதான் வருகிறது.

பில்லையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். எட்டு மணி நேர வேலைக்கு மாதச் சம்பளம் 14,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முதலாளி பங்கு பி.எஃப். மற்ற கட்டணங்களோடு 13 சதவீதம், 1,820. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 455. போனஸ் 8.33 சதவீதம், 1,166. கூட்டினால் 17,441. ஏஜென்சியின் சேவைக் கட்டணம் பத்து சதவீதம் என்றால் 19,185. அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்ந்து 22,638. அவர் கைக்கு வருவது, அவர் பங்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக 12,215. எங்களுக்கு 12 மணி நேர ஆளை வரியோடு 17,000-க்குத் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். அதில் வரியைக் கழித்தாலே 14,407. மீதியில் எதை விழுங்கியிருப்பார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம். இப்போது பில்லோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதில் எங்கள் ஆட்களின் பெயர் இருந்தால்தான் செக் கொடுக்கிறோம்.

முன்னாள் ராணுவத்தினர் விஷயத்துக்கு வருகிறேன். படைவீரர்கள் பலர் நாற்பதை ஒட்டிய வயதிலேயே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். இவர்களுக்கும் முன்னாள் போலீஸாருக்கும் பயிற்சியை 40 மணி வகுப்பு, 16 மணி களம் என்று மாதிரி விதிகள் குறைத்திருக்கின்றன. வேலைக்கு எடுப்பதிலும் முன்னுரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1986-ல் தொடங்கிய டெக்ஸ்கோ என்ற அரசு நிறுவனம் இவர்களை அரசு அலுவலகங்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அனுப்புகிறது. நாங்கள் தனியார் ஏஜென்சி மூலமாகத்தான் எடுத்தோம்.

அந்த எட்டு மாதமும் இரவு ரவுண்ட்ஸ் தவறியதே இல்லை. மின்மீட்டர் பெட்டியில் புகை வந்தபோது, நாங்கள் படியிறங்குவதற்குள் டியூட்டியில் இருந்தவர் மெயினை அணைத்து மணல் வாளியோடு நின்றார். ஆனால் "காய்கறிப் பையை மேலே கொண்டுவந்து தாங்க" என்றால் "அது என் டியூட்டி இல்லைங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார். அவர் சொன்னது சரி. எங்களில் பாதிப் பேருக்குத்தான் அது பிடிக்கவில்லை. செலவும் அதிகம், கடைசியில் பொதுக்குழுவில் முன்னாள் ராணுவத்தினரை நிறுத்திவிட்டார்கள். 'எக்ஸ்-சர்வீஸ்மேன்' என்று விலை சொல்லிவிட்டு வேறு ஆளை அனுப்புவதும் நடக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் முன்னாள் படைவீரர் அடையாள அட்டையையும் கேட்டுப் பாருங்கள், உண்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த இடத்தில் சீருடை பற்றி ஒரு வார்த்தை. பார்க்க மிடுக்காக இருக்கும் என்று ராணுவப் புள்ளி உடையோ போலீஸ் காக்கி போன்ற சட்டையோ கேட்கும் அசோசியேஷன்கள் உண்டு. படையினர் அல்லது போலீஸ் சீருடை போலத் தோன்றும் உடையைப் போட்டால் காவலாளிக்கும் ஏஜென்சி உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேட்டது நாம், மாட்டிக்கொள்வது அவர்.

யாரை வைத்தாலும் அவர் போலீஸ் கிடையாது. வீட்டுவேலைக்கு வரும் அக்காவின் பையைப் பிடுங்கிச் சோதிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. டெலிவரி பையனை அடிக்கவோ அறையில் பூட்டவோ முடியாது. ஜாமீனில் விட முடியாத கடுங்குற்றத்தைக் கண்ணெதிரே ஒருவன் செய்தால் எந்தக் குடிமகனும் பிடித்துவைக்கலாம், காவலாளியும் அப்படித்தான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். யார் எப்போது வெளியூர் போகிறார்கள் என்பது போன்ற காவல் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்பதும் ஏஜென்சி காவலாளிக்குச் சட்டக் கடமை. நம் குடியிருப்புக் குழுவில் நாமே "பத்து நாள் ஊரில் இல்லை" என்று போடுவதை நிறுத்தினால் அவருக்கும் உதவியாக இருக்கும்.

கேமராவும், கேட்டுக்கு வருகிறவர்களைப் பதிவு செய்யும் மைகேட் போன்ற செயலிகளும் நான்காவது வழி என்று சிலர் சொல்கிறார்கள். என் பார்வையில் அவை ஆளுக்கு மாற்றாகாது. எங்கள் பைக்கும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் போனது.

இருபது வீட்டுக்குள் இருக்கும் குடியிருப்பு என்றால் சொந்த வாட்ச்மேனே போதும் என்பேன். ஆனால் போலீஸ் விசாரணை, அவர் பெயரில் விபத்துக் காப்பீடு, வாரம் ஒரு நாள் விடுப்பு, அந்த நாளுக்கு மாற்று ஆள் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். நாற்பது வீட்டுக்கு மேல் லைசென்ஸ் உள்ள ஏஜென்சிதான் சரி, எட்டு மணி நேர ஷிஃப்ட்டில். பெரிய வளாகங்கள், நகைப்பட்டறை, கிடங்கு போன்ற இடங்களில் இரவுக்கு ஒரு முன்னாள் ராணுவத்தினரைச் சேர்த்துக்கொண்டால் அந்தச் செலவு வீண் போகாது.

நாங்கள் இப்போது செங்கல்பட்டு மாவட்ட லைசென்ஸ் உள்ள ஏஜென்சியோடு காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து மணிக்கு ஆள் மாறும் ஷிஃப்ட்டுக்கு மாறியிருக்கிறோம். கேட் அறைக்கு மின்விசிறியும் கழிவறையும் போட்டாயிற்று. மூன்றரை ஆளுக்கு மாதம் 79,000 சொச்சம், வீட்டுக்கு 1,650 ரூபாய். முன்பு 708. பொதுக்குழுவில் இதற்கு 29 வீடுகள் கை தூக்கின. 'அரை ஆளை எங்கே பிடிப்பது' என்று ஏஜென்சிக்காரர் கேட்டார். அடுத்த தெருக் குடியிருப்பிலும் ஒரே கேட், அவர்களுக்கும் மூன்றரை ஆள்தான். இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஏழு பேர் வாங்கிவிட்டோம். ஏழாவது ஆள் பாதி வாரம் அங்கே, பாதி வாரம் இங்கே நிற்கிறார்.