சாட்டிகோனா புதன்சந்தை: மஞ்சள் வாங்கப் போன கதை

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். ஒடிசாவில் ராயகடா மாவட்டத்துச் சாட்டிகோனாவுக்குப் போன பங்குனியில் போனதும் மஞ்சளுக்காகத்தான். அங்கே புதன்தோறும் சந்தை. நியாம்கிரி மலையிலிருந்து டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள் கூடையைச் சுமந்துகொண்டு நடந்தே இறங்கி வருகிறார்கள்.

காலை ஏழரைக்கெல்லாம் போய்விடுங்கள். நல்ல சரக்கு அப்போதுதான் கிடைக்கும்.

ஒரு அம்மாவிடம் விரலி மஞ்சள் ஒன்றை எடுத்து ஒடித்தேன். டக்கென்று ஒடிந்தது, உள்ளே ஆரஞ்சு ஓடிய அடர் மஞ்சள். பாலிஷ் கிடையாது, செம்மண்ணும் சல்லிவேரும் அப்படியே ஒட்டியிருந்தன. நம் மண்டியில் வைத்தால் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள், முகர்ந்ததும் விலை கேட்பார்கள். குறை என்றால் மஞ்சளை அவித்த வேக்காடுதான். நாலு விரலிக்கு ஒன்று உள்ளே மாவாக வெளுத்திருந்தது. எடை கிடையாது, கூறுதான். என் கைத்தராசில் ஒரு கூறு 700 கிராம் நின்றது, அடுத்தது 900. விலை இரண்டுக்கும் ஒன்றே!

அவர்கள் பேசுவது குவி, அதுவும் திராவிட மொழிதான். சொந்தக்கார மொழியாயிற்றே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் பிடிபடவில்லை. பேரம் முழுக்க விரலால்தான்.

என்னைக் கடுப்பேற்றியது சந்தைக்கு வெளியே. மலைப்பாதை முடியும் இடத்திலேயே இடைத்தரகர்கள் காத்திருக்கிறார்கள். ஒரு பாட்டி கூடையை இறக்குவதற்குள் தரகர் ஒருவர் பாட்டியின் கையில் நோட்டைத் திணித்துப் புளியை அள்ளிக்கொண்டார். எங்கள் பக்கமும் தோட்டத்துக்கே போய் அமுக்குவது உண்டு. ஆனால் இங்கே தராசே வெளியே வரவில்லை. இதே மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட் தோண்டலாமா என்று 2013-ல் கேட்டபோது 12 கிராம சபைகளும் முடியாது என்றவை. அப்பேர்ப்பட்டவர்களின் புளிக்கு இந்தக் கதி.

அப்புறம் அந்தச் சால்வை. கப்படகண்டா என்பார்கள், 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைத் துணியில் சிவப்பு, மஞ்சள், பச்சை நூலால் முக்கோணம் முக்கோணமாகத் தையல். கொண்டையில் குட்டிக் கத்தி செருகியிருந்த பெண் ஒருத்தி விலை சொன்னாள். குறைத்துக் கேட்டேன். சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான் பேரம். சொன்ன விலையைக் கொடுத்து வாங்கினேன்.

மற்றபடி உப்பு, கருவாடு, பிளாஸ்டிக் சாமான் எல்லாம் எந்த ஊர்ச் சந்தையிலும் இருப்பதுதான். 10, 20 ரூபாய் நோட்டாக நிறையக் கொண்டுபோங்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். அன்றைக்கு இரண்டு பேர் அப்படிச் செய்ததில் ஒரு வரிசையே கூடையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறியது, நான் பேரம் பேசிக்கொண்டிருந்த விரலியும் அதோடு போனது.